ஆள் நுழையாத சுரங்கம்

யானையைவிடப் பெரிய வாத்துக்கு முதல் பரிசு கொடுத்த தெருவில் நான் வளர்ந்தேன். இதைச் சொல்லத் தொடங்கினாலே என் குரல் இன்றும் உயர்ந்துவிடுகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், பழைய விஷயங்களை நினைத்துக் கோபப்படுவதை விட்டுவிடுங்கள் என்றார். புதிய விஷயங்களுக்குக் கோபப்பட்டால் ஊரில் வம்பு. பழையதற்கும் கோபப்படக் கூடாது என்றால் ஒரு மனிதன் எதை வைத்துக்கொண்டுதான் காலத்தைத் தள்ளுவது?

வாத்துக்கு வருகிறேன். திருவனந்தபுரத்தில் கரமனையாற்றங்கரையை ஒட்டிய எங்கள் தெருவில் நவராத்திரிக்கு வீட்டுக்கு வீடு கொலு உண்டு. படிகளில் ஏறும் பொம்மைகள் பெரியவர்கள் இலாகா. படிக்குக் கீழே தரையில் மண்ணைக் கொட்டி, கடுகு முளைக்கவிட்டு, உடைந்த முகக்கண்ணாடியைக் குளமாகப் பதித்து, ‘பார்க்’ கட்டுவது பிள்ளைகள் இலாகா. நல்ல பார்க்குக்குத் தெருச் சங்கம் பரிசு கொடுக்கும். அந்த வருஷப் பரிசு ஒரு பென்சில் டப்பா. மூடியில் காந்தம் வைத்து, ‘டப்’பென்று தானே சாத்திக்கொள்ளும் ரகம். உள்ளே சீவாத பென்சில்கள் வரிசையாகப் படுத்திருந்தன. அதுவரை என் கைக்கு வந்த பென்சில் எல்லாம் அக்கா எழுதி, கடித்து, என் கட்டைவிரல் உயரத்துக்குத் தேய்த்த பிறகு வந்தவை. முழுப் பென்சில் என்பது எத்தனை நீளம் என்பதே எனக்குக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று சேகரித்த அறிவு. ஆகவே அந்த டப்பா எனக்கு வேண்டும். நான்காம் வகுப்பில் படிக்கும் ஒருவனுக்கு உலகத்தில் வேறு லட்சியம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் தெருவில் எல்லாப் பார்க்கும் மிருகசாலைதான். ஊரில் ஒரு மிருகசாலை இருந்து, பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை அங்கேயே கொண்டுபோய்க் காட்டினால் வேறென்ன கற்பனை பிறக்கும்? அதே பிளாஸ்டிக் சிங்கம், அதே ஒட்டகச்சிவிங்கி. எங்கள் வீட்டு ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து வேறு ஒடிந்துபோய், போன வருஷம் அதை மான் என்று சொல்லிச் சமாளித்தோம்.

சித்தப்பாதான் வழி சொன்னார். சித்தப்பா செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா, கல்யாணமாகாதவர், வீட்டில் யோசனை வழங்குபவர். யோசனை அவருடையது, உடம்பு மற்றவர்களுடையது என்பது அவருடைய வாழ்க்கை நெறி.

“மிருகசாலை எவன் வேணும்னாலும் வெக்கலாம்டா. மைன் வெக்கணும்னா வம்சத்துல ஒருத்தர் மைன்ல இருந்திருக்கணும். நமக்கு இருக்கார், கேட்டயோ,” என்று கூடத்துச் சுவரைக் காட்டினார்.

சுவரில் கொள்ளுத்தாத்தா இருந்தார். தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, நிலைவாசலை முட்டும் உயரம். வித்துரா போகும் பாதையில் ஏதோ ஒரு குன்றில் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் சுரங்கம் வெட்டினார்களாம். பென்சிலுக்குள் இருக்கும் கருப்பு அங்கேதான் கிடைத்ததாம். அதில் இவர் சூப்பர்வைசர். நாங்கள் குடியிருந்த வீடே அவர் சம்பாத்தியம். கொலு பார்க்க வருகிறவர்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு தப்பிக்க முடியாது. அப்பா படத்துக்கு முன்னால் நிறுத்தி ஸ்தல புராணம் சொல்லிவிட்டுத்தான் விடுவார். துரை இவரோடு கைகுலுக்கினார். துரைசாணி இவருக்குக் கடிகாரம் கொடுத்தாள். குழந்தைகள் என்றால் இவருக்கு உயிர். மைனுக்குப் புறப்படும்போது கோட்டுப் பை நிறையக் கல்கண்டு போட்டுக்கொண்டுதான் போவார். கேட்பவர்கள் ‘அப்படியா’ என்று சொல்லிக்கொண்டே சுண்டலில் தேங்காய்த் துண்டைத் தேடுவார்கள்.

“மைன்ல என்ன இருக்கும்? ஓட்டைதானே? ஓட்டையைப் பாக்கறதுக்கு யாராவது மெனக்கெட்டு வருவாளா?” என்றாள் அக்கா. கொலுவுக்கு அவள்தான் சேனாதிபதி.

“நெஜ மைன்லேர்ந்து நெஜக் கல்லு கொண்டு வந்து கட்டினா வருவா. சும்மா வாயைத் தொறந்து மிண்டாம இரு,” என்றார் சித்தப்பா.

அடுத்த விடுமுறை நாளில் நானும் சித்தப்பாவும் இரண்டு துணிப்பை, ஒரு டார்ச் லைட்டுடன் பஸ் ஏறினோம். நெடுமங்காடு தாண்டி, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே எங்கேயோ இறங்கினோம். இறங்கின இடத்தில் ஒரு டீக்கடை. வயதான கடைக்காரர். வழி கேட்டதும், “அங்ஙோட்டு போவண்டா சாறே. காடு பிடிச்சு கிடக்கா. பாம்புண்டாவும்,” என்றார்.

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, தன் ஆபீஸ் மலையாளத்தில், எங்கள் முத்தச்சன், அதாவது தாத்தா, அங்கே சூப்பர்வைசராக இருந்தவராக்கும் என்று சொன்னார். கடைக்காரர் சித்தப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “ஓ,” என்றார். அவ்வளவுதான். திரும்பிக்கொண்டு கிளாஸ் கழுவத் தொடங்கிவிட்டார்.

“பாத்தயோ? கொள்ளுத்தாத்தான்னு சொன்னதும் வாயடச்சுப் போயிட்டான். அந்த மரியாதை இன்னும் இருக்கு,” என்றார் சித்தப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்படிப்பட்ட வம்சத்துக்கு ஒரு பென்சில் டப்பா கொடுக்கத் தெருச் சங்கம் யோசிக்குமா என்ன?

குன்றின் அடிவாரத்தில் ஒரு கருப்பு மண்மேடு. சுற்றிலும் பச்சை மண்டிக் கிடந்தாலும் அதன்மேல் புல் ஏறவில்லை. கால் வைத்தால் எண்ணெய் கொட்டிய தரைபோல வழுக்கியது. அதற்குப் பின்னால், பெரணிச்செடிகளை ஒதுக்கினால், ஓட்டை. அக்கா சொன்னது சரிதான், ஓட்டையேதான். அதன் மேல்விளிம்பு சித்தப்பாவின் இடுப்புக்கு வந்தது.

சித்தப்பா குனிந்து தலையை நுழைத்தார். தோளை நுழைத்தார். வயிறு சம்மதிக்கவில்லை. பின்வாங்கி வந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, “வெளில கெடக்கறதெல்லாம் மழையில ஊறின கல்லு. உள்ளதான் நன்னா மின்னும். நீ வேகம் போயிட்டு வா,” என்றார்.

“பாம்பு?”

“பாம்பு நம்மைக் கண்டா பயந்து ஓடிடும்.”

“நம்மைன்னா? நீங்க வரலையே.”

“பென்சில் டப்பா எனக்கா உனக்கா?”

டார்ச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

போனவன் ஆச்சரியப்பட்டு நின்றுவிட்டேன். வாசலில் மட்டும் தலையைத் தாழ்த்தினேன்; உள்ளே தரை ஒரு படி இறங்கியதால் குனிய வேண்டியிருக்கவில்லை. உச்சந்தலை மேலே உரசியும் உரசாமலும் நான் நேராக நடந்தேன். தரை சரியும் இடங்களில் படி வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படியும் என் கால் எட்டும் தூரத்தில் இருந்தது. பக்கச் சுவரில் அங்கங்கே விளக்கு வைக்கும் மாடம், மேலே பழைய புகைக்கரி. கையைத் தூக்காமலே எனக்கு மாடம் எட்டியது.

இதன் மகிமை உங்களுக்குப் புரிய வேண்டுமானால் நீங்கள் வயதுக்குக் கொஞ்சம் குள்ளமான பையனாக இருந்திருக்க வேண்டும். அதுவரை நான் கண்ட உலகம் முழுவதும் வேறு யாருக்கோ அளவெடுத்துச் செய்தது. பஸ்ஸில் பிடித்துக்கொள்ளும் கம்பி எட்டாது. கதவுத் தாழ்ப்பாள் எட்டாது. எலந்தவடை வைத்த அலமாரி எட்டவே எட்டாது. முதல்முறையாக, பூமிக்கு அடியில், யாரோ எனக்கென்று ஒரு இடம் செய்து வைத்திருந்தார்கள். தைத்து வந்த தீபாவளிச் சட்டைபோல அது எனக்குப் பொருந்தியது.

இது எப்படி என்று யோசிக்காமலும் இல்லை. கொள்ளுத்தாத்தா இங்கே எப்படி நடந்திருப்பார்? அந்த உயரத்துக்கு அவர் தவழ்ந்திருக்க வேண்டும். தலைப்பாகையோடு அவர் தவழ்வதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒருவேளை துரை தன் பிள்ளைகள் ஒளிந்து விளையாட இதைக் கட்டிக் கொடுத்திருப்பார், நிஜச் சுரங்கம் வேறெங்காவது பெரிதாக இருக்கும் என்று முடிவு செய்தேன். துரைமார்கள் அப்படி வேண்டாத செலவெல்லாம் செய்வார்கள் என்று சித்தப்பாவே சொல்லியிருக்கிறார்.

அந்த முடிவுக்குச் சாட்சியும் கிடைத்தது. சுரங்கம் முடியும் இடத்தில் சுவர் பாறையாக இல்லாமல் களிமண்ணாக இருந்தது. அதில் கைகள் பதிந்திருந்தன. ஈரமாக இருந்தபோது அழுத்தி, பிறகு காய்ந்து இறுகிப்போன கைகள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, மேலும் கீழுமாக, நிறைய. ஒன்றின்மேல் என் உள்ளங்கையை வைத்தேன். விரலுக்கு விரல் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் கண்டுபிடித்த இடம் என்று நினைத்தால், எனக்கு முன்பே பையன்கள் வந்து ஆசைதீர விளையாடிவிட்டுப் போயிருக்கிறார்கள்! அந்தப் பையன்கள்மேல் எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல. அவர்களுக்கு மட்டும் பள்ளிக்கூடம் கிடையாது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மின்னும் கற்களைப் பொறுக்கிப் பையை நிரப்பிக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் என்னைப் பார்த்ததும் சித்தப்பா இரண்டடி பின்வாங்கினார். தலைமுதல் கால்வரை கருப்பு. வெறும் கருப்பல்ல, சாம்பல் பூத்து வெள்ளிபோல மினுங்கும் கருப்பு. சித்தப்பா தன் வேட்டி முனையால் துடைத்துப் பார்த்தார். வேட்டியும் கருத்தது.

“இங்க பாரு. உள்ள போனேன்னு வீட்டுல சொல்லப்படாது. வெளியில பொறுக்கினோம், மேட்டுல சறுக்கி விழுந்தே. கேட்டயோ? உள்ள அனுப்பினேன்னு தெரிஞ்சா மன்னி என்னைக் கொன்னுடுவா. அப்பறம் பார்க்கும் இல்லை, பென்சிலும் இல்லை.”

சத்தியம் செய்து கொடுத்தேன். அம்மா என்னைக் கிணற்றடியிலேயே நிறுத்தி, நவராத்திரியும் அதுவுமாக இந்தக் கோலத்தில் வாசப்படி ஏறினால் காலை ஒடிப்பேன் என்று சொல்லி, தேங்காய் நாரால் தேய்த்தாள். தோல்தான் வந்தது, கருப்பு வரவில்லை. அக்கா சமையலறை ஜன்னலில் நின்று, “அம்மா, ரொம்பத் தேய்க்காதே. படியில கிருஷ்ணனுக்குக் கை ஒடஞ்சு கெடக்கு. இவனையே நிறுத்திடலாம்,” என்றாள்.

மறுநாள் கட்டத் தொடங்கினோம். கருப்பு மினுங்கும் குன்று, வெள்ளை மணல் பாதை, கடுகுச்செடிக் காடு. நிற்க ஆட்கள் வேண்டுமே! கொலுவில் எல்லாருக்கும் பொம்மை உண்டு. கடை வைத்த செட்டியாருக்கு உண்டு, குறவன் குறத்திக்கு உண்டு, கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவனுக்குக்கூட உண்டு. சுரங்கம் வெட்டுகிறவனுக்குக் கிடையாது. எனவே சிவப்புச் சட்டை போட்ட பாண்டு வாத்தியக்காரர்களை எடுத்து, கருப்பைப் பூசி வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். ஊதுகுழலோடு அவர்கள் நின்றது கொஞ்சம் இடித்ததுதான். ஆனால் அளவில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நிஜ ஓட்டை சித்தப்பாவின் இடுப்பு உயரம். ஆகவே என் ஓட்டை பாண்டு வாத்தியக்காரரின் இடுப்பு உயரம். குச்சியை வைத்து அளந்து, ஒரு நூலிழை பிசகாமல் செய்தேன். என் வாழ்நாளில் அத்தனை நேர்மையாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை; என் ஆபீசில் கேட்டால் இதை உறுதிப்படுத்துவார்கள்.

பரிசு நாள். தெருச் சங்கத்தின் சார்பில் எஞ்சினியர் மாமா வந்தார். எங்கோ பாலம் கட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் அளவு சம்பந்தப்பட்ட எதற்கும் அவர்தான் முடிவான அதிகாரி. பின்னால் அரைத் தெரு வந்தது. குன்றைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கல்லைத் தொட்டு விரலைப் பார்த்துக்கொண்டார். என் நெஞ்சுக்குள் பென்சில் டப்பா ‘டப்’பென்று சாத்திக்கொண்டது. பிறகு குனிந்தார்.

“ஏண்டா அம்பி, இந்த ஓட்டை என்னது?”

“அதான் மைன், மாமா.”

“ஆளோட இடுப்புக்குத்தானே வரது? இதுக்குள்ள நுழைஞ்சு ஆள் எப்படிடா கேறுவான்?”

“அங்க அப்படித்தான் இருக்கு, மாமா.”

“ஆள் கேற முடியாத மைனை எவனாவது தோண்டுவானாடா? தோண்டினவன் எங்க நின்னுண்டு தோண்டினான்?”

எல்லாரும் சிரித்தார்கள். யாரோ, “பொம்மைகள் மூச்சைப் பிடிச்சுண்டு போகும்,” என்றார்கள். இன்னும் சிரித்தார்கள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். உலகத்தில் எனக்கிருந்த ஒரே சாட்சி. அந்த ஓட்டையில் தன் தொப்பையை நுழைத்துத் தோற்றவர். சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொழந்தைதானே மாமா,” என்றார் சித்தப்பா. “தூரத்துலேர்ந்து பாத்தான். சின்னதாத் தோணியிருக்கும்.”

“சித்தப்பா!” என்று கத்தினேன். அவர் கொலுப்படியில் தசாவதாரத்தை எண்ணத் தொடங்கிவிட்டார்.

பரிசு மூன்று வீடு தள்ளி நடந்த மிருகசாலைக்குப் போனது. அந்த மிருகசாலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முகக்கண்ணாடிக் குளத்தின் நடுவில், குழந்தையைக் குளிப்பாட்டும்போது அமுக்கினால் ‘கீச்’சென்று கத்தும் ரப்பர் வாத்து. அதன் இறக்கை நிழலில் யானை ஒண்டிக்கொண்டு நின்றது. புலிக்கும் மானுக்கும் நடுவில் வேலிகூட இல்லை. எஞ்சினியர் மாமா அந்த வாத்தைப் பார்த்து, “பேஷ், ஜீவனோட இருக்கே!” என்றார். பாலம் கட்டிய மனிதர்! அவர் கட்டிய பாலத்தின்மேல் நான் இன்றுவரை கால் வைத்ததில்லை. எது அவர் கட்டியது என்று தெரியாததால் பல பாலங்களைச் சந்தேகத்தின் பேரில் தவிர்த்து வருகிறேன்.

இந்த அநியாயத்தை நான் வெகுகாலம் பேணி வளர்த்தேன். வேலையில் எனக்கு வரவேண்டிய உயர்வு வேறொருவனுக்குப் போனபோது, ‘வாத்து’ என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். என் மனைவிக்கு இந்தக் கதை மனப்பாடம்; எஞ்சினியர் மாமாவின் வசனம் வரும் இடத்தில் அவள் எழுந்து அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போய்விடுவாள்.

சமீபத்தில் என் மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில் விழுந்து சுவரோரம் போய்விட்டது. குனிந்து பார்த்தேன். தலை நுழைந்தது, தோள் நுழைந்தது. வயிறு சம்மதிக்கவில்லை, அது எங்கள் வம்சத்துச் சொத்து. என் பையனைக் கூப்பிட்டு, “நீ போய் எடுத்துண்டு வாடா,” என்றேன். முழங்கையை ஊன்றி அவன் உள்ளே போனான். அவன் கால்கள் இரண்டும் இருட்டுக்குள் இழுபட்டு மறைவதைக் கட்டிலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, எஞ்சினியர் மாமாவின் கேள்விக்குப் பதில் என் கண்ணெதிரே இருந்தது. ஆள் கேற முடியாத மைனை எவனாவது தோண்டுவானா? தோண்டுவான். தான் கேற வேண்டாதவன் தோண்டச் சொல்வான். தோண்டினவன் எங்கே நின்றுகொண்டு தோண்டினான்? நான் நின்ற இடத்தில், நேராகத்தான் நின்றுகொண்டு.

இத்தனை வருஷம் வாத்தின்மேல் கோபப்பட்டிருக்கிறேன். அந்தக் கூடத்தில் அன்று அத்தனை பேர் இருந்தோம். சுரங்கத்தின் அளவு தெரிந்தவன் ஒருவன், சரியான கேள்வியைக் கேட்டவர் ஒருவர், பொய் சொன்னவர் ஒருவர், சுவரில் ஒருவர். கேள்வி கேட்கப்பட்டது, நாங்கள் சிரித்தோம், சுண்டல் சாப்பிட்டோம். இப்போது வரும் கோபத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. மாத்திரை மட்டும் ஒன்றுக்கு இரண்டாகியிருக்கிறது.

அன்று எனக்கு அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. பரிசை அறிவித்துவிட்டு எல்லாரும் கிளம்பியபின், கருப்புக் குன்றுக்கு முன்னால் தரையில் விழுந்து, காலை உதைத்து அழுதேன். பாண்டு வாத்தியக்காரர்கள் இரண்டு பேர் சரிந்து விழுந்தார்கள். அக்கா கேலி செய்யாமல் நின்றதிலிருந்தே விஷயம் எல்லை மீறிவிட்டது தெரிந்தது. சித்தப்பா வாசல் பக்கமாக நழுவியிருந்தார். அம்மாதான் வந்து என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். என் காது மடலில் இன்னும் போகாமலிருந்த கருப்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். கொலுவுக்கு முன்னாலிருந்த நைவேத்தியத் தட்டிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து என் வாயில் போட்டாள்.

“போறும்டா கண்ணா, அழாதே. உன் கொள்ளுத்தாத்தாவுக்கு இது பெரிய கைமருந்தாக்கும். மைன்ல எப்பேர்ப்பட்ட அழற கொழந்தையா இருந்தாலும், பையிலேர்ந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில போடுவாராம். வாயை மூடிண்டு உள்ள போயிடுமாம்.”

நான் அழுகையை நிறுத்தினேன். சுவரில் தலைப்பாகையோடு நின்றவரை நன்றியோடு அண்ணாந்து பார்த்தேன். சுரங்கத்தில் அழுவதற்குக் குழந்தை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வாயில் கல்கண்டு இருந்தது.